திருட்டு பைக்கைக் காட்டிக்கொடுக்கும் கருவி

மோட்டார் சைக்கிளில் மறைத்து வைக்கும் ஜிபிஎஸ் டிராக்கர் ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். உள்ளே ஒரு ஜிபிஎஸ் ரிசீவர், சிம் கார்டு போட்ட மோடம், சிறிய பேட்டரி, அசைவை உணரும் சென்சார். வண்டி எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியும் எனப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு எதுவும் தெரியாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ரேடியோ அலையாக அனுப்புவதோடு சரி. அலைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவியே தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் தவறிப்போகும். கருவியில் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்தவே மூன்று செயற்கைக்கோள் போதாமல் நான்காவதும் தேவைப்படுகிறது.

கணக்கிட்ட இடத்தை உரிமையாளரின் போனுக்குச் சேர்ப்பது செல்போன் டவர். வானம் தெரிந்தும் டவர் கிடைக்காவிட்டால் கருவி ஊமை. தகரக் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளிவிட்டால் ஜிபிஎஸ் அலை எட்டாது. அப்போது டவரை வைத்து, சில நூறு மீட்டர் முதல் சில கி.மீ. வரை தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

ஆகவே கருவியைப் பொருத்தும் இடமே பாதி வேலை. செயற்கைக்கோள் அலை தரைக்கு வரும்போது மிகவும் பலவீனமாகிவிடும். உலோகம் அதை மறைத்துவிடும். பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைப்பது வீண். சீட்டுக்கு அடியிலோ முன்பக்க பிளாஸ்டிக் உறைக்குள்ளோ வைக்கலாம். திருடன் வண்டியின் பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் கருவியின் சொந்த பேட்டரி சில மணி நேரம் தாங்க வேண்டும். வண்டி நிற்கையில் கருவி உறங்கி, அசைந்ததும் விழித்து எச்சரிப்பதால் மின்சாரம் மிச்சமாகிறது.

அந்த முதல் எச்சரிக்கைக்குத்தான் மதிப்பு அதிகம். காஞ்சிபுரம் அருகே முசரவாக்கம் போன்ற ஊரில் நெசவாளருக்குப் பாவும் ஜரிகையும் கொண்டுவர, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க பைக்தான் துணை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நிமிடத்துக்கு ஒரு கி.மீ. தாண்டிவிடும், அரை மணி தாமதித்தால் அது 30 கி.மீ. தொலைவில் இருக்கும்.

ஆப்பிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகளுக்கு சிம் வேண்டாம். அருகில் போகிறவர்களின் போன்களே இடத்தைத் தெரிவிக்கும். ஆனால் ஒருவரை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க, கூடவே வரும் வில்லையைப் பற்றி அவருடைய போனுக்கே எச்சரிக்கை போகும். திருடனையும் அது உஷார்ப்படுத்திவிடும். கிராமத்துச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதும் சேர்ந்தால், பைக்குக்கு இதை மட்டும் நம்புவது சரியல்ல.

இந்தியாவில் பேருந்து, டாக்சி போன்ற பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. எனவே பைக்கில் பொருத்துவது உரிமையாளரின் விருப்பமே.

போலீசார் மீட்ட வண்டி வழக்குச் சொத்தாகிவிடும். இப்படிப்பட்ட வாகனங்களைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் நிறுத்திவைக்கக் கூடாது, உரிய பிணைப் பத்திரம் பெற்றுத் திருப்பித் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியிருக்கிறது. நீதிமன்றத்தில் மனுச் செய்து வண்டியைப் பெறலாம்.

திரையில் புள்ளி நகர்வதைக் கண்டதும் தனியாகத் துரத்திப் போகாதீர்கள். 112-ஐ அழைத்து, நேரலை இணைப்பைப் போலீசாரிடம் கொடுங்கள். ஆர்.சி. நகலையும் சேசிஸ் எண்ணையும் இன்றே போனில் சேமித்து வையுங்கள்.