தோட்டத்து ஏடுகளும் குடும்ப உரிமையும்

மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் பெரும்பாலோர்க்கு நிலப்பட்டா இல்லை. அவர்தம் வாழ்வு பிறர் எழுதிய ஏடுகளிலேயே பதிந்தது.

விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி நிரப்பிய செக்ரோல், வேலைநாளையும் கூலியையும் முன்பணப் பிடித்தத்தையும் காட்டுவது. அது முதலாளியின் கணக்கு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஊழியர் சேமநிதி அமைந்தபின்னரே, தொழிலாளியின் பெயரில் ஓய்வுக்காலச் சேமிப்பு சட்டப்படி உறுதியாயிற்று.

ஆயினும் உரிமை பெயரைப் பற்றி நிற்பது. ஒருவரே ஓரேட்டில் முனியம்மா எனவும், மற்றோரேட்டில் முனியம்மாள் எனவும் பதிவாகியிருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின்மேல் விழும். சேமநிதிக்கும் குடியுரிமைக்கும் இது பொருந்தும்.

தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறியபோது, தகரப்பெட்டியில் காத்த பிறப்புப் பத்திரமே பலருக்குச் சான்றாயிற்று. மாணவர்கள் தம் வீட்டு ஆவணங்களைப் படியெடுத்து, பெயர் வேறுபாடுகளை முதியோர் உள்ளபோதே கேட்டுக் குறித்தல் வேண்டும்.