மலேரியா வந்தால் ரத்தம் ஏன் திரள்கிறது?



குளிர்காய்ச்சல் என்றாலே நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டமே நடுங்கியது. 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் தேங்கிய நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். பெரட்டில் வரிசையாக நின்று கசப்புக் கொய்னா குடித்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

"மலேரியாதான் ஒழிஞ்சு போச்சே!" என்பீர்கள். பாதிதான் உண்மை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018-ல் நம் நாட்டில் ஒருவருக்குக்கூட உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் அதே ஆண்டில் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் 'நோலசி' மலேரியா 4,000-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. சிலர் உயிரையும் இழந்திருக்கிறார்கள். காட்டோரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் இதை மறக்கக் கூடாது.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

நல்ல சிவப்பணு மெத்தென்று இருக்கும். முடிபோன்ற நரம்புக் குழாயிலும் வளைந்து நுழைந்து போகும். மலேரியாக் கிருமி உள்ளே புகுந்தால் அது விறைத்துப் போகிறது. 'ஃபால்சிபாரம்' என்ற கொடிய வகையில் இன்னொரு கேடும் உண்டு. கிருமி வளர வளர, அணுவின் மேல்தோலில் சிறு முண்டுகள் எழும்புகின்றன. அவற்றிலுள்ள பசைபோன்ற புரதத்தால் அணு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்திலுள்ள நல்ல அணுக்களையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. வாய்க்காலில் தழை அடைத்தால் தண்ணீர் போகுமா? அதுபோலத்தான். மூளையில் அடைத்தால் நினைவு தப்பும், வலிப்பு வரும். 'ஓ' வகை ரத்தத்தில் இந்தத் திரட்சி குறைவு. அதற்காக ஓ வகைக்காரர் அலட்சியமாக இருக்கலாகாது.

நோலசியிலும் ஆபத்து குறைவில்லை. 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் மெல்வின் நைஸ்லியும் அவர் குழுவும் நோலசி கண்ட குரங்குகளின் ரத்தக் குழாய்களை உயிருடனே பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, ரத்தம் சேறுபோல் மெதுவாக நகர்வதைக் கண்டார்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. ஒருநாள் தாமதம் என்பது பெரிய தாமதம்.

மருந்து எப்படி உதவுகிறது?

கொய்னா, முற்றிய கிருமியைத்தான் அதிகம் தாக்கும். அதற்குள் அணு ஒட்டத் தொடங்கிவிடும். சீனாவின் தூ யூயூ கண்டறிந்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்து, இளங்கிருமியையே கொல்கிறது. ஒட்டும் பருவம் வருமுன் வேலை முடிகிறது. இந்தியா, வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியாவில் கடும் மலேரியா நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. கொய்னா பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 15 பேர்.

இதற்கும் ஒரு பின்விளைவு உண்டு. கடும் நோய்க்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்ட சிலருக்கு, குணமாகி ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் குறையும். உடம்பு சோர்ந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே திரும்பப் போங்கள். "நல்லாயிட்டேனே" என்று இருந்துவிடாதீர்கள்.

நினைவில் வைக்க:

• காட்டோர வேலைக்குப் பின் காய்ச்சல் வந்தால் பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். அன்றே கிளினிக் போய், "காட்டோரத்தில் வேலை, ரத்தம் பார்க்கணும்" என்று சொல்லுங்கள்.
• டிங்கியா மலேரியாவா என்று தெரியும்வரை ஆஸ்பிரின் வேண்டாம்.
• பிறந்தபோது ஜி6பிடி குறை இருப்பதாகச் சொல்லியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரைமாகுயின் மாத்திரை அவர்கள் அணுக்களை உடைத்துவிடும்.
• காய்ச்சல் விட்டாலும் கொடுத்த மாத்திரை முழுவதையும் முடியுங்கள்.
• அந்தி நேரத்தில் முழுக்கைச் சட்டை, இரவில் கொசுவலை.

ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். ஒருநாள் தாமதத்தில் போகும் உயிரைத் திரும்பப் பெற முடியாது.