லினக்ஸ் ஓட்ட எந்த லேப்டாப் வாங்கலாம்?

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எல்காட் கொள்முதல் செய்து கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர் போன்ற ஊர்களுக்கும் லினக்ஸ் அப்படித்தான் வந்து சேர்ந்தது; யாரும் தேடிப் போய் வாங்கவில்லை. இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கணினி வாங்கும் குடும்பம், லினக்ஸை நம்பி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. புதிதா, வேகமானதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பாகங்களை லினக்ஸுக்குத் தெரியுமா, கெட்டுப்போனால் ஆரணியிலோ வந்தவாசியிலோ சரிசெய்ய முடியுமா என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட ஒரு பழைய லேப்டாப், அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதிய லேப்டாப்பைவிட நல்லது என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

காரணம் டிரைவர்களில் இருக்கிறது. வைஃபை சிப், கிராபிக்ஸ், டச்பேட், கைரேகைக் கருவி என்று ஒவ்வொரு பாகத்தையும் இயக்க அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கு அதைத் தயாரிப்பாளரே எழுதித் தந்துவிடுவார். லினக்ஸில் அந்த மென்பொருள் கெர்னல் என்னும் இயங்குதள மையத்துக்குள்ளேயே சேர்ந்திருந்தால், இயங்குதளத்தை நிறுவிய நிமிடமே பாகம் வேலை செய்யும்; அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அப்டேட் வந்தாலும் பெரும்பாலும் உடையாது. இன்டெல் வைஃபையும் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸும் இந்த வகை. பிராட்காம் வைஃபை சிப்கள் பல இன்றும் தனியாக டிரைவர் கேட்கின்றன. என்விடியா தன் கெர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்ததே 2022இல்தான். சந்தைக்கு வந்து ஆறு மாதமே ஆன மாடலில் ஒலியோ கேமராவோ வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம்: அதற்கான நிரல் கெர்னலுக்குள் வந்து, அங்கிருந்து நாம் நிறுவும் பதிப்புக்கு வரக் காலம் பிடிக்கும். ஆகவே லினக்ஸைப் பொறுத்தவரை இரண்டு மூன்று வயதான மாடல் என்பது குறையே அல்ல.

அலுவலக வரிசைகளான திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ஆகியவற்றை நான் முன்வைப்பது பெயருக்காக அல்ல. இவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களில் லினக்ஸில் நிரல் எழுதுவோர் ஏராளம். அதனால் லெனோவா, டெல், ஹெச்பி மூன்றுமே பயாஸ் அப்டேட்டை லினக்ஸ் வழியாகவே தரும் ஏற்பாட்டில் சேர்ந்திருக்கின்றன. உபுண்டுவுக்கென்று சோதித்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலிலும் இந்த வரிசைகளே நிறைய. பழுதுபார்ப்பும் எளிது. திங்க்பேட் டி470ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ரேம் இடங்கள் உண்டு, வெளிப் பேட்டரியைத் திருகாணி தொடாமலே மாற்றலாம். இதன் 6, 7ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் விண்டோஸ் 11இன் நிபந்தனைக்குள் வரவில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கும்போதே அலுவலகங்கள் இவற்றைக் கழித்துவிடுகின்றன; சென்னை ரிச்சி தெருவுக்கு வருபவை இப்படிப்பட்டவைதான். மலிவான புதிய லேப்டாப்கள் பலவற்றிலோ ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கெட்டால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவில் இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

பழையதை எப்படி நம்புவது, வாரன்டி இல்லையே என்பது வலுவான ஆட்சேபம். அதற்கான பதிலை லினக்ஸே வைத்திருக்கிறது. ஒரு பென்டிரைவில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ ஏற்றிக் கடைக்கு எடுத்துப் போனால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். வைஃபை இணைகிறதா, கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றனவா, எல்லா விசைகளும் அழுந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லினக்ஸில் அதிகம் தகராறு செய்வது அதுதான். பேட்டரியின் முழுக் கொள்ளளவில் எவ்வளவு மிச்சம், டிஸ்க்கின் ஆரோக்கியம் எப்படி என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பயாஸுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டால் வாங்காமல் திரும்புவதே நல்லது. கடைக்காரர் பென்டிரைவைப் போடவே விடவில்லை என்றாலும் அப்படித்தான்.

இன்னொரு ஆட்சேபம் மென்பொருள் பற்றியது; அதை மழுப்பக் கூடாது. சேலை டிசைனைக் கணினியில் போட்டு ஜக்கார்டுக்கு அனுப்பும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. டேலி கணக்கும் அப்படித்தான். சில ஆன்லைன் தேர்வுகளும் விண்டோஸைத்தான் கேட்கும். பிழைப்பே அவற்றில் இருப்பவர் விண்டோஸை வைத்துக்கொள்ளட்டும். ஒரே கணினியில் இரண்டும் இருக்க இடமுண்டு. ஆனால் எழுதவும் படிக்கவும், தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யவும், புரோகிராமிங் கற்கவும் லினக்ஸில் ஒரு குறையும் இல்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல ஆண்டுகளாக இதில்தான் ஓடுகின்றன. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வே இதில்தான் நடக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதன் மேலேயே எழுதினார்கள். இங்கே பாஸ் லினக்ஸ் கணினியோடு வந்ததே தவிர, பாடத்தோடு வரவில்லை. சொல்லித்தர ஆள் வேண்டும் என்பவர்களுக்கு, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தேசூரிலிருந்து அதிகத் தூரமில்லை. வாங்குவதற்கு முன்பே அங்கே மாடல் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம்.

பழைய லேப்டாப் வாங்கும்போது பேட்டரிக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கோடு வந்தால் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அதன் உண்மையான விலையைக் கணக்கிட வேண்டும்.