தொடைப் பயிற்சியின் பயன்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இப்போது உடற்பயிற்சியில் ஆர்வம் பெருகி வருகிறது. மாலை வேளைகளில் இளைஞர்கள் ஜிம்முக்குச் செல்கின்றனர். பெரியவர்கள் பூங்காவைச் சுற்றி நடக்கின்றனர். இரண்டும் வரவேற்கத் தக்கனவே. ஆயினும் இரு சாராரும் உடலின் ஒரு பகுதியை மறந்துவிடுகின்றனர் என்பதை நாம் கூறாமலிருக்க இயலவில்லை. இளைஞன் நிலைக்கண்ணாடியில் தெரிகின்ற மார்பையும் புயத்தையும் பெருக்குகிறான். கால்சட்டைக்குள் மறைந்திருக்கும் தொடையை எண்ணுவதில்லை. பெரியவரோ, நடந்தாலே காலுக்குப் போதும் என்று கருதுகிறார். நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசையை வளர்க்க அது மட்டும் போதாது.

தொடை பருத்து வடிவுற்றிருப்பது வெறும் அழகுக்காக என்று எண்ணலாகாது. இருக்கையை விட்டு எழுவதற்கும், படி ஏறுவதற்கும், தடுக்கிய கால் மீண்டும் நிலைகொள்வதற்கும் தொடையே துணை. நாற்பது வயதைக் கடந்தபின், பயிற்சி இல்லாவிடில், தசை சிறுகச் சிறுகக் குறைகிறது. அக்குறைவு கையைக் காட்டிலும் காலில் மிகுதி. முதுமையில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடப்போர் பலருடைய துன்பத்துக்கு வலிவிழந்த தொடையும் ஒரு காரணம். உற்றார் உறவினர் ஊரில் இருக்க, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நம்முடையவை. அத்தகைய வீட்டில் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் பார்த்துக்கொள்ள யார் இருக்கின்றனர்? ஆகவே, இளமையில் அழகாகத் தோன்றுவதே முதுமையில் குடும்பத்துக்குக் காப்பாகவும் அமைகிறது.

இழந்த பழக்கங்கள்

முன்பெல்லாம் நம் அன்றாட வாழ்க்கையே தொடைக்குப் பயிற்சியாக இருந்தது. தரையில் இலையிட்டு உண்டோம்; ஆட்டுரலின்முன் அமர்ந்து மாவரைத்தோம்; குந்தியிருந்து பாத்திரம் துலக்கினோம்; பிள்ளையார் சந்நிதியில் தோப்புக்கரணம் போட்டோம். ஒரு நாளில் எத்தனை முறை தரையில் அமர்ந்து எழுந்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. இன்று சாப்பாட்டு மேசையும், கிரைண்டரும், மேனாட்டுக் கழிவறையும், லிப்டும் அந்த வேலையை வாங்கிக்கொண்டன. வசதிகளைத் துறக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. இழந்த உழைப்பைப் பயிற்சியால் ஈடு செய்ய வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

இதற்கு வழிகாட்டிகள் நாம் வாழும் ஊர்களிலேயே உண்டு. நம் நாட்டுப் பஸ்கியைத்தான் வடநாட்டார் பைட்டக் என்பர். டில்லியில் குரு அனுமான் வளர்த்த அகாடாவிலும், மகாராஷ்டிரத்தில் தாலீம் எனப்படும் மல்லர் கூடங்களிலும் தண்டாலும் பைட்டக்குமே அடிப்படைப் பாடங்கள். மாமல்லர் காமா 1910-இல் லண்டனில் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவுடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொருதார். அன்று வெற்றி தோல்வி காணவில்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். நாள்தோறும் எண்ணற்ற பைட்டக் செய்து உரமேறிய கால்கள் அவருடையவை. கொல்கத்தாவின் மனோகர் ஐச் 4 அடி 11 அங்குல உயரமே உடையவர். 1952-இல் லண்டனில் நடந்த ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ போட்டியில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். முதுமையிலும் பயிற்சியைக் கைவிடாத அவர் 2016-இல் தம் 104-ஆம் வயதில் மறைந்தார்.

தொடையின் அமைப்பு

பயிற்சியைத் தொடங்குமுன் தொடையின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். தொடையின் முன்புறம் நான்கு தசைகள் ஒருங்கு சேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. பின்புறத்து மூன்று தசைகள் முழங்காலை மடக்குகின்றன. குனிந்த உடலை நிமிர்த்தவும் உதவுகின்றன. உட்புறத்துத் தசைகள் காலை உள்நோக்கி இழுப்பதோடு, ஆழ அமர்ந்து எழும்போது துணை நிற்கின்றன. இவற்றின்மேல் இடுப்பிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை நாடாவைப்போல் ஒரு தசை குறுக்கே ஓடுகிறது. உடலிலேயே நீளமான தசை அதுதான். சம்மணமிட்டு அமரும் நிலைக்கு அது உதவுவதால், மேனாட்டார் அதற்குத் தையற்காரர் தசை என்று பெயரிட்டனர். பழங்காலத் தையற்காரர்கள் சம்மணமிட்டே துணி தைத்தனர்.

இவ்வமைப்பிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பஸ்கி ஒன்றையே செய்தால் முன்தொடையும் உள்தொடையும் பிட்டமும் நன்கு வளரும். பின்தொடை அவ்வளவாக வளராது. முன்புறத்து நான்கினுள் இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடக்கும் ஒரு தசையும் பஸ்கியால் பெரிதும் பயன் பெறுவதில்லை. முன்புறம் பருத்து, பின்புறம் தட்டையாகத் தோன்றும் தொடைகளை நாம் காண்பதற்குக் காரணம் இதுவே. வடிவு வேண்டுவோர் எப்பக்கத்தையும் விடாது பயிற்றுதல் வேண்டும்.

பயிற்சி முறை

முதற்பயிற்சி, எடை தாங்கிய பஸ்கி. வடநாட்டில் வாழும் நம் வீடுகளில் 5 கிலோ அல்லது 10 கிலோ கோதுமை மாவுப் பை இல்லாத வீடு அரிது. அதனை மார்போடு அணைத்துக்கொள்க. பாதங்களைத் தோளகலம் விரித்து, கால்விரல்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி நிற்க. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு மூன்று விநாடிகளில் மெல்ல இறங்குக. முழங்கால் கால்விரல் நோக்கும் திசையிலேயே செல்லட்டும், குதிகால் தரையை விட்டு எழலாகாது, முதுகு கூனலாகாது. தொடை தரைக்கு இணையாகும்வரை, இயலுமாயின் அதனினும் கீழே, இறங்கி எழுக. அரைகுறையாக இறங்குவதைவிட ஆழ இறங்குவதே உள்தொடைக்கும் பிட்டத்துக்கும் மிகுந்த வளர்ச்சி தரும். கணுக்கால் இறுகியிருப்போர் குதிகாலின்கீழ் மெல்லிய பலகையொன்றை வைத்துக்கொள்ளலாம்.

‘ஆழ அமர்ந்தால் முழங்கால் தேய்ந்துவிடும்’ என்று பலர் அஞ்சுகின்றனர். நோயில்லாத முழங்காலுக்கு, முறையாகவும் படிப்படியாகவும் செய்யும் பஸ்கி தீங்கு செய்வதில்லை. முழங்காலைத் தாங்கும் தசைகளை அது வலுப்படுத்துகிறது.

இரண்டாவது, பின்தொடைக்குரிய பயிற்சி. எடையை இரு கைகளிலும் தொங்கவிட்டு, முழங்காலைச் சிறிதே மடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் மடித்துக் குனிக. பின்தொடை இழுபடுவதை உணர்ந்ததும் நிமிர்க. இதனுடன் மற்றொன்றும் சேர்க்கலாம். வழவழப்பான தரையில் மல்லாந்து படுத்து, குதிகால்களின்கீழ் ஒரு துண்டை வைத்து, இடுப்பைத் தூக்கிக் குதிகால்களைப் பிட்டத்தை நோக்கி இழுத்து மீண்டும் நீட்டுக. பார்வைக்கு எளிது, பத்து முறை செய்வதற்குள் அதன் கடுமை புரியும்.

மூன்றாவது, ஒற்றைக்காற் பயிற்சி. ஒரு காலைப் பின்னே தாழ்ந்த கட்டில்மீது வைத்து, முன்காலால் மட்டும் அமர்ந்து எழுதல். இரு கால்களுக்குமிடையே உள்ள ஏற்றத்தாழ்வை இது போக்கும். ஜிம்முக்குச் செல்வோர் அமர்ந்தபடி காலை நீட்டும் இயந்திரத்தையும், காலை மடக்கும் இயந்திரத்தையும் தவறாது பயன்படுத்துக. பஸ்கி எட்டாத இடத்துக்கு அவை எட்டும்.

வாரத்தில் இரண்டு நாள், எடுத்துக்காட்டாகத் திங்களும் வியாழனும், போதும். ஒவ்வொரு பயிற்சியும் மூன்று சுற்று. சுற்றுக்கு 8 முதல் 12 முறை. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு. சுற்றின் முடிவில் இன்னும் இரண்டு மூன்று முறைதான் செய்ய இயலும் என்ற அளவுக்குத் தசை களைக்க வேண்டும். களைப்புக் காணாத பயிற்சியால் தசை வளராது. எல்லாச் சுற்றுகளிலும் பன்னிரண்டு முறை எளிதாகச் செய்ய முடிந்தால், அடுத்த முறை 2 கிலோ எடையைக் கூட்டுக. இப்படிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதே தசை வளர்ச்சியின் அடிப்படை. ஒரே எடையுடன் ஆண்டுக்கணக்கில் ஒரே எண்ணிக்கை செய்பவர் உள்ளதைக் காக்கலாம், பெருக்குவது அரிது.

உணவும் ஓய்வும்

தசை வளர்வது பயிற்சி வேளையில் அன்று. அதன்பின் உண்டு உறங்கும் வேளையில். பயிற்சி செய்வோர் தம் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் உண்பது நன்று. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது நாளொன்றுக்கு 96 கிராம் ஆகும். சோறும் சாம்பாரும் மோரும் மட்டும் உண்பவர்க்கு இவ்வளவு கிடைப்பதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவும், 100 கிராம் பன்னீரில் 18 கிராம் அளவும், 100 கிராம் கொண்டைக்கடலையில் 20 கிராம் அளவும், 100 கிராம் மீல்மேக்கரில் 50 கிராம் அளவும் புரதம் உண்டு. இட்டிலியுடன் சுண்டலும், சோற்றுடன் கெட்டிப் பருப்பும் கெட்டித் தயிரும் சேர்த்தால் சைவ உணவினரும் இக்குறையைப் பெரிதும் நிறைவு செய்யலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

விரைவில் பருக்க வேண்டும் என்ற ஆசையால் ஊசி மருந்துகளை நாடும் இளைஞரும் உளர். ஹார்மோன் கலந்த அம்மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதோடு, ஆண்மைக்கும் ஊறு விளைவிக்கும். அந்த வழியை அணுகவே வேண்டா எனப் பெற்றோர் மனம்விட்டுப் பேசி உணர்த்துதல் கடமை.

வடிவைப் பற்றி

தசை எலும்பில் எவ்விடத்தில் பொருந்தியுள்ளது என்பது பிறப்பிலேயே அமைந்தது; எப்பயிற்சியாலும் அதனை மாற்ற இயலாது. அதுபோலவே, தொடைப் பயிற்சியால் தொடைக் கொழுப்பை மட்டும் கரைக்கவும் இயலாது; உணவை அளவோடு உண்டு உடல் முழுவதும் இளைக்கும்போது தொடையும் இளைக்கும். இந்த எல்லைகளை உணர்ந்தவர் வீண் ஏமாற்றம் அடையார். முதற் சில வாரங்களில் வலிமை கூடும். அளவு கூடுவதைக் காண மாதங்கள் செல்லும். திங்களுக்கு ஒரு முறை நாடாவால் தொடையின் நடுப்பகுதியை அளந்து குறித்துவைத்தால் ஊக்கம் குன்றாது.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப்போல் ஆகிவிடுவர் என்பது வீண் அச்சம். அவர்கள் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்கள் அதற்கு இடம் தாரா. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலியும் பருவத்தில் எடைப்பயிற்சி எலும்புக்கும் நன்மை செய்யும்.

எச்சரிக்கை

பழக்கமில்லாதவர் முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கி போடுதல் பெருந்தீங்கு. அளவு மீறிய உழைப்பால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். கடும் வலியோடும் வீக்கத்தோடும் சிறுநீர் கறுத்து வெளியேறினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பள்ளிகளில் சிறுவர்க்குத் தண்டனையாக எண்ணற்ற தோப்புக்கரணம் போடச் செய்வதும் இக்காரணத்தால் கண்டிக்கத் தக்கது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும், முழங்கால் வலியுள்ளவர்களும் மருத்துவரின் அறிவுரை பெற்றே தொடங்குக. எழும்போது மூச்சை அடக்காமல் வெளிவிடுக.

முதியோர்க்கு மாவுப் பை வேண்டா. ஒரு நாற்காலி போதும். சுவரை ஒட்டி அதனை அசையாது வைத்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, பத்து முறை எழுந்து அமர்தல்; சற்று ஓய்ந்து மீண்டும் பத்து முறை. இயலாதவர் முதலில் கையூன்றியே எழலாம். நாளடைவில் கையின் துணை குறையும்.

தந்தை பஸ்கி போட, மகன் எண்ணிக்கை சொல்ல, பாட்டி நாற்காலியில் எழுந்து அமரும் வழக்கம் வாரத்துக்கு இரு நாள் நம் இல்லங்களில் தோன்றுமாயின், செலவின்றியே பெரும் பயன் விளையும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கோயில் பிராகாரத்தில் தரையில் அமர்ந்து, ஒருவர் கையையும் பற்றாமல் எழுந்து நிற்கும் ஆற்றல் நம்மில் ஒவ்வொருவர்க்கும் இறுதிவரை நிலைக்க வேண்டும். அதற்கான முதற்பஸ்கியை இவ்வாரமே தொடங்குவோமாக.