சுரங்க ஒளி அளவீட்டு விதிகளைத் தளர்த்துதல்: அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களை முன்வைத்து

அமெரிக்க நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான ஒளி விதிகள், 1969ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆணைப்படி உருவானவை. தொழிலாளரின் இயல்பான பார்வைப் புலத்திலுள்ள பரப்புகளின் ஒளிர்வு 0.06 அடி-லாம்பர்ட்டுக்குக் குறையலாகாது என்பதே அவற்றின் மையம். அளக்கப்படுவது விளக்கு உமிழும் ஒளி அன்று. தரை, கூரை, நிலக்கரி, எந்திரம் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி.

இவ்வேறுபாடு சிறியதன்று. நிலக்கரி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே திருப்புகிறது. ஆகவே மேற்குறித்த அளவை எட்டச் சுமார் 16 லக்ஸ் தேவை. 40 விழுக்காடு திருப்பும் வெளிறிய பரப்புக்கோ 1.6 லக்ஸே போதும். சுண்ணாம்புத்தூள் தூவிய சுவரும் தூவாத சுவரும் ஒரே விளக்கின்கீழ் ஒன்றாகத் தெரிவதில்லை. விளக்கின் திறனை மட்டும் பதிவுசெய்யும் நடைமுறைக்கு இது புலப்படாது.

தளர்வு கோருவோர் பக்கமும் நியாயம் உண்டு. இவ்வளவு மங்கிய ஒளியைச் சுரங்கத்தினுள் அளப்பது கடினம். அதனால்தான் விளக்கமைப்புகளை மாதிரிச் சுரங்கத்தில் சோதித்துச் சான்றளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆய்வாளர் சான்றின்படி அவை பொருத்தப்பட்டுள்ளனவா எனப் பார்த்தால் போதும். ஆயினும் விளக்குக் கண்ணாடியில் படியும் கரித்தூளை அச்சான்று அறியாது.

அளவியிலும் ஒரு குறை உள்ளது. அது பன்னாட்டு ஒளியியல் ஆணையத்தின் பார்வை வளைகோட்டுக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது விதி. அவ்வளைகோடோ நல்ல வெளிச்சத்தில் இயங்கும் கண்ணுக்குரியது. மங்கிய ஒளியில் கண் நீல அலைநீளங்களை நோக்கிக் கூர்மை பெறுகிறது. குற்றலைநீளம் மிகுந்த எல்.இ.டி. தலைவிளக்குகளால் மூத்த தொழிலாளர் தரையிலுள்ள இடறுபொருள்களை விரைந்து காண்பதை அந்நாட்டின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. இப்பயனை அளவி குறைத்தே மதிப்பிடும். அளக்கும் முறையைத் திருத்த இது தக்க காரணம். அளவீட்டையே கைவிடுவதற்கு அன்று.

2025 ஜூலையில், சுரங்கங்களுக்குப் பொறுப்பில்லாத தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிர்வாகம், கட்டுமானப் பணிகளுக்கான ஒளித் தரங்களை நீக்க முன்மொழிந்தது. குடைவுப் பாதைகளுக்கான 54 லக்ஸ் வரம்பும் அவற்றுள் அடங்கும். எண் நீங்கினாலும் அங்கே வேலையளிப்போரின் பொதுக்கடமைப் பிரிவு எஞ்சும். ஆனால் அளவி காட்டிய ஒன்றை, இனி ஆய்வாளர் கடும் தீங்குக்கு வாய்ப்புள்ளதென வாதிட்டு மெய்ப்பிக்க வேண்டும். 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்திலோ அத்தகைய பொதுக்கடமைப் பிரிவே இல்லை.