உஷார்! மலை ஏறும் முன் பையைத் திறந்து பாருங்கள்

சனிக்கிழமை விடிந்தால் போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் பைக்குகள் வரிசை கட்டுகின்றன. வேலூர்க்காரர்கள் அமிர்தி வழியாக வருகிறார்கள். பெங்களூர்ப் பையன்கள் ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறுகிறார்கள். பீமன் அருவி, கோலப்பன் ஏரி, ராத்திரி டென்ட், கேம்ப் ஃபயர். ஊர் சுற்றுவதில் ஒரு தப்பும் இல்லை. நாலு பேர் போகும் காரில் ஒருத்தன் மட்டும் கொண்டுவரும் அந்தச் சின்னக் கஞ்சாப் பொட்டலம்தான் வில்லங்கம்.

"அது என்னோடது இல்ல சார், அவனோடது." செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து டிக்கியைத் திறந்ததும் மற்ற மூன்று பேரும் சொல்லும் வசனம் இது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், போலீஸ் பாஷையில் என்.டி.பி.எஸ்., மற்ற சட்டங்களைப் போல இல்லை. சரக்கு உங்கள் வசம் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது அங்கே இருப்பது தெரிந்தேதான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். வழக்கமாக அரசுத் தரப்பு தூக்கும் சுமை இங்கே உங்கள் தலைக்கு மாறுகிறது. கூடவே போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். "இந்த வாரம் ஸ்டஃப் யார் எடுத்துட்டு வர்றீங்க?" என்ற வாட்ஸ்அப் கேள்விக்கு நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தால், பங்குக்கு 500 ரூபாய் ஜீபே போட்டிருந்தால், 29-ஆம் பிரிவு தயாராக நிற்கிறது. அது உடந்தைக்கும் கூட்டுச்சதிக்குமான பிரிவு. பொட்டலத்தை நீங்கள் தொட்டிருக்கவே வேண்டாம். காரும் போகும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் போதிய கவனத்தோடுதான் இருந்தேன் என்று வண்டிச் சொந்தக்காரர் காட்டினால்தான் வண்டி மிஞ்சும். அந்த வண்டி அநேகமாக அப்பா பெயரில் இருக்கும்.

"கொஞ்சமா வெச்சிருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்பது அடுத்த பொய். இந்தச் சட்டத்தில் 'சிறிய அளவு' என்று ஒன்று உண்டு. கஞ்சாவுக்கு அது 1 கிலோவுக்குக் கீழ். இதைப் பாதியில் படித்துவிட்டு, ஒரு கிலோ வரை வைத்துக்கொள்ளலாமாம் என்று பரப்புகிறார்கள். அய்யா, அது அனுமதி அல்ல, தண்டனையின் முதல் படி. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 திருத்தத்துக்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது; இரட்டிப்பாக்கினார்கள். 1 கிலோவைத் தொட்டால் பத்தாண்டு வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கும். கையில் ஒன்றுமே இல்லை, புகைக்க மட்டும்தான் செய்தேன் என்றாலும் 27-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை உண்டு. கைது செய்ய வாரண்ட்டும் தேவையில்லை. தண்டனை கிடைக்காமலேயே போகட்டும். நிலுவையில் ஒரு என்.டி.பி.எஸ். கேஸ் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது என்ன ஆகும் என்று அப்படிச் சிக்கிய பையனின் அம்மாவைக் கேளுங்கள்.

சரி, வடக்கே எல்லாம் சட்டம் வேறாமே? இந்த 'ஆமே'தான் ஆபத்து. போதைப்பொருள் சட்டம் மத்தியச் சட்டம். மணாலிக்கும் அதுதான், ஜமுனாமரத்தூருக்கும் அதுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதைப் பார்த்து இங்கேயும் அப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உத்தராகண்டில் 2018 முதல் உரிமம் கொடுக்கிறார்கள் என்றால், அது நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை ஏறாத சணல் ரகத்துக்கு. இமாசலச் சட்டமன்றம் 2024-இல் பேசியது மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடுவது பற்றி. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. இதை வைத்து "இந்தியாவுல லீகல் ஆயிடுச்சு" என்று ஃபார்வர்டு செய்தவர்கள் எத்தனை பேர்! உள்நாட்டுச் சட்டத்தில் இதனால் ஒரு வரிகூட மாறவில்லை.

காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்க் கடையே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பாங்க் என்பது இலை. மத்தியச் சட்டத்தின் கஞ்சா விளக்கத்தில் பூவும் காயும் கொண்ட நுனிதான் வருகிறது. இலையும் விதையும் தனியாக இருந்தால் வராது. அதனால் இலையை என்ன செய்வது என்பது மாநிலத்தின் கைக்குப் போனது. உத்தரப் பிரதேசம் கடை வைத்தது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதையும் போதைச் சரக்காகவே சேர்த்துத் தடுக்கிறது. கங்கா ஸ்நானம் முடித்து ரயிலில் உருண்டையோடு திரும்புகிறவர்கள் புண்ணியத்தோடு ஒரு கேஸையும் சேர்த்து வாங்கிவர வேண்டாம். இன்னொன்று, இலையோடு நுனியும் ஒட்டியிருந்தால் அந்த விலக்கு போச்சு. இது இலையா பூவா என்று ஆய்வகம் அறிக்கை கொடுக்கும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இப்போது சாக்லேட் வேறு வந்திருக்கிறது. வண்ணக் காகிதத்தில் சுற்றிய கஞ்சா சாக்லேட்டை மாநிலம் முழுக்கப் பிடிக்கிறார்கள். இதில் கஞ்சா துளியூண்டுதானே என்று வாதாட நினைப்பவர்கள் 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கலவை என்றால் மொத்த எடையும் கணக்கு, சர்க்கரையை, மாவைக் கழிக்க மாட்டார்கள். ஒரு சாக்லேட் 5 கிராம் என்று வையுங்கள். 200 சாக்லேட்டில் 1 கிலோ வந்துவிடுகிறது; ஓராண்டுப் படியிலிருந்து பத்தாண்டுப் படிக்குத் தாவியாயிற்று. பிறந்தநாள் பிரவுனிக்கும் இதே கணக்கு.

பாங்காக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு கேட்டு மறுபடி இறுக்கியது. அங்கே கடையில் வாங்கிய பில் மீனம்பாக்கத்தில் செல்லாது. 'ஹைட்ரோபோனிக்' என்று ஸ்டைலாகப் பெயர் வைத்தாலும் சுங்கத் துறைக்கு அது கஞ்சாதான். கடத்தலுக்குக் 'குருவி'யாகப் பறந்து மாட்டிக்கொண்டவர்களில் டிக்கெட்டும் ஓட்டல் செலவும் இலவசம் என்ற ஒரே ஆசையில் போனவர்கள் உண்டு.

இனி மலைக்காரர்களுக்கு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் சுற்றுலா வந்தவன் ஜாமீனில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான்.

ஆங்கிலேயர் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் உரிமத்தின்பேரில் கஞ்சா பயிரான இடங்களில் இதே ஜவ்வாது மலையும் ஒன்று. அரசே எடை போட்டு, வரி வாங்கிய காலம் அது. "எங்க பாட்டன் காலத்துல இல்லாததா?" என்று மலையில் யாராவது கேட்டால் அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையோடு 1985 நவம்பருக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போனால் செல்லாது. செடிக்குச் 'சிறிய அளவு' என்ற சலுகையே சட்டத்தில் கிடையாது. பத்துக் கிராம் பொட்டலத்துக்கு அதிகபட்சம் ஓராண்டு. சாமைக் கொல்லையின் ஓரத்தில் நிற்கும் ஒற்றைச் செடிக்குப் பத்தாண்டு வரை. கேட்கவே விசித்திரமாக இருக்கிறது, ஆனால் 20-ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கோழிக்கு மருந்து, மாட்டுக்கு மருந்து, வயிற்று வலிக்கு என்று ஒன்றிரண்டை விட்டுவைத்திருக்கும் பெரியவர்கள் இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு 46-ஆம் பிரிவு என்று ஒன்று காத்திருக்கிறது. உங்கள் நிலத்தில் கஞ்சாச் செடி சட்டவிரோதமாக வளர்கிறது என்று தெரிந்தால் உடனே போலீசுக்கோ வருவாய்த் துறைக்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் தண்டனை உண்டு. கீழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்து, மரவள்ளி போடுகிறேன், சோளம் போடுகிறேன் என்று நடப்பு வாடகையைப்போல மூன்று மடங்கு கொடுத்தால், ஓடைக்கு அப்பால் கண்ணுக்கு மறைவான துண்டாகவே கேட்டால், அந்தத் தாராளம் எதற்கு? மாதம் ஒருமுறையாவது நடந்து போய் ஊடுபயிரைப் பாருங்கள். டென்ட் போட இடம் விடுகிறவர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் இதே தலைவலி. தங்க வந்தவர்கள் புகைப்பது தெரிந்தே விட்டால், இடம் கொடுத்தவர்மேல் 25-ஆம் பிரிவு பாயும்.

இதைவிடப் பயமானது மூட்டை. இந்த மலைக்குப் புரோக்கர்களைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேஸ்திரி வேலை, கட்டட வேலை என்று அழைத்துப் போய்ச் செம்மரம் வெட்ட இறக்கிவிட்டவர்களை நம்பிப் போய், 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இறந்த 20 பேரில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். மரம் வெட்டியவனுக்குக் கூலி, மரத்தின் விலை வேறு யாருக்கோ. கஞ்சாவிலும் அதே ஏற்பாடுதான். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலேறித் தெற்கே வருகிறது; காட்பாடியும் ஜோலார்பேட்டையும் அந்தத் தடத்திலேயே இருக்கின்றன. ரயில்வே போலீஸ் சீட்டுக்கடியில் கேட்பாரற்ற பைகளை எடுப்பது வாடிக்கையான செய்தி. அந்தப் பைக்குப் பக்கத்தில் நம் பையன் உட்கார்ந்திருந்தால் அது செய்தி அல்ல, வழக்கு.

"இந்த ரெண்டு பையை ஜோலார்பேட்டையில இறக்கிக் கொடுத்துடு, கைமேல காசு." பிரித்துப் பார்க்காதே என்பார்கள். ஒரு பையில் 11 கிலோ, இன்னொன்றில் 11 கிலோ என்றால் 22 கிலோ. வணிக அளவு தாண்டிவிட்டது. அப்போது 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டாலும் செய்ய மாட்டார் என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் அவகாசம் உண்டு. பைக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டால் நம் பையனுக்கு ஒரு செல் நம்பரைத் தவிர எதுவும் தெரியாது, அதுவும் சுவிட்ச் ஆஃப். போதாததற்கு, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியும் ஒரு வகை. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். 2021 டிசம்பரில் போலீசின் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியதிலிருந்து வங்கிக் கணக்கையும் முடக்குகிறார்கள். யார் காசு போட்டார் என்று தெரியாத ஜீபே வரவு உங்கள் கணக்கில் இருந்தால் நூறு நாள் வேலைப் பணத்தையும் எடுக்க முடியாமல் போகும்.

மாட்டிக்கொண்டால்? முதலில், உடம்பைச் சோதிக்கும்முன் கெஜட்டட் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ முன்னிலையில் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை அதிகாரி உங்களிடம் சொல்லியாக வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆனால் கைப்பைக்கும் வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மகஜரில் கையெழுத்துப் போடும்முன் எடை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வருடங்கள் அந்த ஒரு எண்ணில் இருக்கின்றன. படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா விட்டுடுவோம்" என்றால் எழுதாதீர்கள். தோஃபான் சிங் வழக்கில், அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான், இந்தச் சட்டத்தில் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

பழக்கத்துக்கு அடிமையான பிள்ளை என்றால் இன்னொரு கதவு இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. 64-ஏ பிரிவின்படி, புகைத்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். வழக்கு வருவதற்கு முன்பே 14446-க்கு அழைத்துக் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள்.

கேஸ் என்றதும் ஸ்டேஷன் வாசலில் "நான் முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் வருவார். அவருக்குக் கொடுக்க ஆட்டை விற்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். திருவண்ணாமலையானாலும் திருப்பத்தூரானாலும் வேலூரானாலும் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கேளுங்கள். மலையிலிருந்து இறங்க முடியாவிட்டால் போன் எண் 15100.