கணக்குப் போட்டால்தான் கடிதம் போகும்! (தொடர் - 6)

சென்ற வாரம் பார்த்த கேரி துயர்க், 1978-ல் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பியபோது முகவரிகளை அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சிரமம்தான் அன்றைக்கு இருந்த ஒரே தடுப்பு. பிற்பாடு அதுவும் போய்விட்டது. நானூறு பேருக்கு அனுப்பினாலும் நாற்பது லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றேதான் என்றானது. அனுப்புகிறவருக்குக் காசு செலவில்லை. படித்து, பிரித்து, அழித்து நேரத்தை இழப்பது வாங்குகிறவர்.

தபால் துறைக்கு இந்தச் சிக்கல் பழகியது. 1840-க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுநர்தான் பணம் கட்டினார். ரோலண்ட் ஹில் அதை மாற்றினார். அனுப்புகிறவர் முதலிலேயே ஒரு பென்னி கொடுத்து ‘பென்னி பிளாக்’ தபால்தலையை ஒட்ட வேண்டும். அப்படியானால் மின்னஞ்சலுக்கும் தபால்தலை ஒட்டினால் என்ன? காசாக வேண்டாம், கணினியின் உழைப்பாக வாங்கிக்கொண்டால்?

இதை முதலில் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்கள் சிந்தியா டுவோர்க், மோனி நவோர் என்ற இருவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடன் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். இருவரில் ஒருவர் சின்ன விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் 241 அஞ்சல்கள் காத்திருந்தன. அதைத்தான் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்கிறார்கள். அந்த ஆண்டு 1992. ஸ்பேம் என்று சொல்லிக்கொள்ளும்படி அப்போது பெரிதாக எதுவும் இல்லை. வரப்போவதை அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். ஓர் அஞ்சல் அனுப்ப வேண்டுமானால், போடுவதற்குக் கடினமாகவும் சரிபார்ப்பதற்கு எளிதாகவும் உள்ள ஒரு கணக்கை அனுப்புநரின் கணினி போட்டுக்காட்ட வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

1997-ல் ஆடம் பேக் என்ற பிரிட்டிஷ்காரர் ‘ஹேஷ்கேஷ்’ என்ற பெயரில் இத்தகைய முறை ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

எந்த வரியைக் கொடுத்தாலும் அதை அரைத்து, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தரும் கணக்குமுறைக்கு ஹேஷ் என்று பெயர். வரியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் விடை முற்றிலும் மாறிவிடும். என்னவாக மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே கிடையாது. ஹேஷ்கேஷ் முத்திரை என்பது அஞ்சலின் தலைப்பகுதியில் சேர்க்கப்படும் ஒரே ஒரு வரி. அதில் தேதி இருக்கும், பெறுநரின் முகவரி இருக்கும், தற்செயலான சில எழுத்துகள் இருக்கும், கடைசியில் ஓர் எண் இருக்கும். அந்த முழு வரியையும் அரைத்து வரும் விடையை இரும எண்ணாக எழுதினால் முதல் 20 இடங்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். குறுக்கு வழி இல்லை. கடைசி எண்ணை 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். சராசரியாக 10,48,576 முறை முயன்றால் ஒருமுறை அமையும். அந்தக் கால வீட்டுக் கணினிக்கு இது சில விநாடி வேலை. பெறுகிற சர்வரோ ஒரே ஒருமுறை அரைத்துப் பார்த்தால் போதும்.

முகவரி வரிக்குள்ளேயே இருப்பதால் ஒருவருக்குச் செய்த முத்திரையை இன்னொருவருக்கு ஒட்ட முடியாது. தேதி இருப்பதால் பழைய முத்திரையும் செல்லாது. அழகான அமைப்பு. இன்றைக்குப் படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதன் பொருளாதாரக் கணக்கும் சரியாகவே வருகிறது. 2008-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்டார்ம்’ என்ற ஸ்பேம் வலையமைப்புக்குள் ஊடுருவி, அதன் மருந்து விளம்பரங்களைத் தாங்கள் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை. எத்தனை பேர் வாங்க முன்வருகிறார்கள் என்று மட்டும் எண்ணினார்கள். 26 நாட்கள், ஏறக்குறைய 34.7 கோடி அஞ்சல்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஒரு விற்பனைக்கு 1.24 கோடி அஞ்சல்! அஞ்சலுக்குப் பத்து விநாடிக் கணக்கு என்று விதித்திருந்தால், ஒரு விற்பனைக்கு ஒரு கணினி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் உழைக்க வேண்டும். 100 வாட் என்று வைத்தாலும் 3,400 யூனிட் மின்சாரம் ஆகும். அன்றைய அமெரிக்கக் கட்டணத்தில் 300 டாலருக்கு மேல். ஒரு விற்பனையின் மதிப்போ சுமார் 100 டாலர். தொழில் அன்றைக்கே படுத்திருக்கும்.

2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொன்னது இப்படிப்பட்ட நம்பிக்கையில்தான். மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வுத் திட்டத்துக்குப் பெயரே பென்னி பிளாக். அவுட்லுக் 2007-ல் இத்தகைய முத்திரை வந்தது. நிலைக்கவில்லை.

காரணம், மேலே போட்ட கணக்கில் ஒன்றை விட்டுவிட்டோம்: அந்த மின்சாரக் கட்டணத்தைக் கட்டுவது யார்? ஸ்டார்ம் வலையமைப்பில் இருந்தவை ஸ்பேமர்கள் விலை கொடுத்து வாங்கிய கணினிகள் அல்ல. வைரஸ் புகுந்து, சொந்தக்காரருக்கே தெரியாமல் அடிமையான வீட்டுக் கணினிகள், அலுவலகக் கணினிகள். இப்படி ஒரு லட்சம் கணினிகள் கையில் இருந்தால், அஞ்சலுக்குப் பத்து விநாடி என்ற தடையோடும் ஒரு நாளில் 86.4 கோடி அஞ்சல் அனுப்பலாம். செலவு முழுவதும் ஊரார் தலையில்.

சரி, கணக்கை இன்னும் கடினமாக்கலாமே என்றால் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு லட்சம் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் சங்கத்துக்கு, பத்து விநாடிக் கணக்கே ஒரு கணினியில் பதினொன்றரை நாள் பிடிக்கும். புதுக் கணினியில் நொடியில் முடிவது பழைய கணினியிலும் மலிவான கைபேசியிலும் நிமிடக்கணக்கில் இழுக்கும். வேகத்துக்குப் பதில் நினைவகத்தைச் சோதிக்கும் கணக்குகளை 2003-ல் கொண்டுவந்தார்கள். ஏற்றத்தாழ்வு குறைந்தது, அடிமைக் கணினிச் சிக்கல் அப்படியே நின்றது. 2004-ல் ஆய்வாளர்கள் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் இதையெல்லாம் கணக்கிட்டு, ஸ்பேமரைத் தடுக்கும் அளவுக்குக் கடினமான கணக்கு, நேர்மையான அனுப்புநர்களில் கணிசமானவர்களையும் முடக்கிவிடும் என்று காட்டினார்கள். இரண்டாண்டு கழித்து டெபின் லியுவும் ஜீன் கேம்ப்பும் மறுப்பு எழுதினார்கள்: நற்பெயர் உள்ளவருக்கு எளிய கணக்கு, சந்தேகத்துக்கு உரியவருக்குக் கடினமான கணக்கு கொடுங்கள் என்றார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முன்பே தெரிந்துவிட்டால் கணக்குக்கு அங்கே என்ன வேலை?

கணக்கைக் கட்டணமாகக் கேட்கும் யோசனை வீணாகவும் போகவில்லை. சட்டோஷி நாகமோட்டோ 2008-ல் ஹேஷ்கேஷைச் சுட்டிக்காட்டித்தான் பிட்காயினை அமைத்தார். அதற்கென்றே பிறந்த இன்றைய இயந்திரம் ஒன்று விநாடிக்கு 100 லட்சம் கோடி முறை அரைக்கிறது. இதனால் பழைய தபால்தலைத் திட்டம் இன்னும் பலவீனமாகியிருக்கிறது. அஞ்சலுக்கும் இத்தகைய சிப் செய்துகொள்ளப் பணமுள்ளவருக்கு முன்னால் சாதாரணக் கணினி நிற்க முடியாது. இன்னொரு பக்கம், 2023 ஆகஸ்டில், பயனர்களின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு தன் மறைவான தளங்களைக் காக்க இந்த முறையை எடுத்துக்கொண்டது. வருகிறவர் யார் என்று அங்கே கேட்கக்கூடாது. அதுதான் அதன் கொள்கை. தாக்குதல் இல்லாதபோது கணக்கே கிடையாது, கூட்டம் முண்டினால் மட்டும் கடினமாகும். அங்கே அது பொருந்துகிறது.

மின்னஞ்சலில் பொருந்தாது என்பதே என் முடிவு. ஸ்பேமரிடம் இல்லாத பொருளைக் கட்டணமாகக் கேட்டால்தான் அவர் நிற்பார். திருட்டுக் கணினி அவரிடம் ஏராளம். நல்ல பெயரும் வங்கிக் கணக்கும்தான் அரிது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களிடம் அடையாளச் சான்றைக் கட்டாயமாகக் கேட்பது இதனால்தான். ஸ்டார்மை ஆராய்ந்த அதே வட்டத்தினர் 2011-ல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்த ஸ்பேம் சரக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்குப் பணம் வாங்கிக்கொடுத்தவை மூன்றே வங்கிகள். அந்தக் கதை அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுக் கணினியிலும் வைஃபை ரூட்டரிலும் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் அப்டேட்டை முடித்துவிடுங்கள். ஸ்பேமர் தேடுவது அந்த மாதிரிக் கருவிகளைத்தான்.